பதில் சொல்லும் கார்னெட்

1925 ஜனவரி 14, நியூயார்க். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெஸ்ஸி ஸ்மித் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாடுகிறார். துணைக்கு ஒரு ஹார்மோனியம், கார்னெட் என்னும் ஊதுகருவி ஒன்று, அவ்வளவுதான். கார்னெட் வாசிப்பவர் 23 வயது லூயி ஆம்ஸ்ட்ராங். பெஸ்ஸி ஒரு வரியை நீட்டி இழுத்து மூச்சு வாங்குகிற இடைவெளியில் கார்னெட் மெல்ல நுழைந்து பதில் சொல்கிறது. அடுத்த வரி, அடுத்த பதில். தாள வாத்தியமே இல்லாத அந்தப் பதிவில், குரலும் குழலும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்வதுபோல் இருக்கும்.

கறுப்பின மக்கள் வயல்களிலும் தேவாலயங்களிலும் பாடிவந்த கேள்வி-பதில் முறை அது. ஒருவர் பாட, கூட்டம் பதில் பாடும். ஜாஸின் ஊதுகருவிகள் இந்தப் பேச்சைப் பாடகர்களிடமிருந்துதான் கற்றன.

கற்ற பாடம் வெகு சீக்கிரம் திரும்பியும் வந்தது.

1926இல் 'ஹீபி ஜீபீஸ்' பாட்டின் நடுவே ஆம்ஸ்ட்ராங் சொற்களை விட்டுவிட்டு, வெறும் அசைகளைக் கார்னெட்டின் துள்ளலோடு உதிர்த்தார். 'ஸ்காட்' எனப்படும் இந்தப் பாணி அவருக்கு முன்பே இருந்ததுதான். அதை ஊரெங்கும் பரப்பியது அந்த இசைத்தட்டு. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்தப் பாணியை உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1960இல் பெர்லின் மேடையில் 'மேக் த நைஃப்' பாடும்போது அவருக்கு வரிகள் மறந்துபோயின. நிறுத்தவில்லை. மறந்ததையே வரியாக்கிப் பாடினார்; போகிற போக்கில் ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்பையும் தொண்டையில் வரவழைத்தார். அந்தப் பதிவுக்கு கிராமி விருது கிடைத்தது.

பாடகி பில்லி ஹாலிடேயிடம் எல்லாவின் வேகம் கிடையாது. குரலின் எல்லையும் சிறியது. ஆனால் தாளத்துக்கு ஒரு நூலிழை பிந்தி வந்து, இனி வரவே மாட்டார் என்று தோன்றும் கணத்தில் சொல்லை வைப்பார். மெட்டின் மேடுபள்ளங்களைத் தட்டி, இரண்டு மூன்று சுரங்களுக்குள் அடக்கிவிடுவார். 1937 முதல் அவரோடு பதிவு செய்த சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் வாசிப்பும் அதே அவசரமின்மை கொண்டது. 'லேடி டே' என்று பில்லிக்குப் பட்டப்பெயர் வைத்தவரும் அவரே.

1957 டிசம்பர், சிபிஎஸ் தொலைக்காட்சியின் 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நிகழ்ச்சி. உடல் நலிந்த லெஸ்டர் எழுந்து நின்று, பில்லி பாடும் 'ஃபைன் அண்ட் மெல்லோ'வுக்கு ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார். மிகக் குறைந்த சுரங்கள். கேமரா பில்லியின் முகத்துக்குப் போகிறது. தலை லேசாக அசைகிறது, உதட்டில் சிரிப்பு. லெஸ்டர் முடித்ததும் பில்லி பாட்டைத் தொடர்கிறார்.