பட்டியலில் உங்கள் காலேஜ் இருக்கா?

அமெரிக்க வரிச் சட்டத்தில் பெற்றோருக்குப் பிடித்த சமாசாரம் ஒன்று உண்டு. பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்காக, கட்டவேண்டிய வரியிலேயே கழிவு. 'அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட்' என்று பெயர். 2009-ல் வந்தது. ஒரு மாணவருக்கு வருஷத்துக்கு 2,500 டாலர் வரை, நாலு வருஷம். கூட்டினால் 10,000 டாலர். அங்கே செட்டிலான நம்மவர்கள் பலருக்கும் அத்துப்படி.

சரி, பெண் வெளிநாட்டில் போய்ப் படித்தால்? அப்போதும் உண்டு என்கிறது சட்டம். உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் மாணவர் கடன், உதவித்தொகைத் திட்டங்களில் சேர அந்தப் பல்கலைக்கழகம் தகுதி வாங்கியிருக்க வேண்டும். கனடாவின் மெக்கில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ போன்றவை வாங்கியிருக்கின்றன.

நம் சண்டை இங்கேதான். லெட்டர்பேடு காலேஜ்களுக்கு அரசாங்கப் பணம் போகக் கூடாது, நியாயம். ஆனால், இது கடன் கொடுப்பதற்காகப் போட்ட பட்டியல். அதில் சேர விண்ணப்பிப்பதும் விடுவதும் காலேஜின் இஷ்டம். நாலைந்து அமெரிக்கப் பிள்ளைகளுக்காக இத்தனை ஃபாரம் எதற்கு என்று ஒரு நல்ல காலேஜ் ஒதுங்கிவிட்டால், அங்கே பாடம் மோசம் என்றா அர்த்தம்? தண்டனை என்னவோ ஃபீஸ் கட்டிய அப்பாவுக்கு.

பட்டியலில் இருந்தாலும் கதை முடியவில்லை. உள்நாட்டு காலேஜ்கள் 1098-டி என்றொரு ஃபாரம் தரும். வெளிநாட்டில் அது கிடைக்காவிட்டால் ரசீதுகளை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால், காலேஜின் அமெரிக்க வரி அடையாள எண்ணை எழுதாமல் இந்த 2,500 கிடையாது. காலேஜ் வாங்கியே வைக்காத எண்ணுக்கு எங்கே போவது?

மிச்சமிருப்பது 'லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்'. அதிகபட்சம் 2,000 டாலர். 500 தானே குறைகிறது என்று தோன்றும். முந்தையதில், கட்டவேண்டிய வரியே இல்லாத குடும்பத்துக்கும் 1,000 டாலர் வரை கையில் வரும். இதில் பைசா வராது. ஆக, அதிகம் அடிபடுவது வருமானம் குறைந்தவர்தான். படிப்புக்கு என்று கொடுக்கிற சலுகை, காலேஜ் ஒரு நம்பர் வாங்காததால் அவருக்கு இல்லாமல் போவது என்ன நியாயம்?

சட்டம் மாறுகிறவரை ஒன்று செய்யலாம். அட்வான்ஸ் ஃபீஸ் கட்டுவதற்கு முன் காலேஜுக்கு எழுதி இரண்டு கேள்வி கேளுங்கள். அமெரிக்க மாணவர் உதவித் திட்டத்துக்குத் தகுதி உண்டா? வரி எண் உண்டா? பதிலை ஃபைலில் போட்டு வையுங்கள். ஹாஸ்டலில் மெஸ் எப்படி என்று அப்புறம் கேட்கலாம்.