கல்லூரி ஒப்படைப்பும் எழுத்து நேர்மையும்

கலை அறிவியல் கல்லூரிகளில் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்காக மாணவர் வீட்டில் எழுதிவரும் கட்டுரை ஒப்படைப்பு எனப்படும். மாணவர் வழக்கில் அது அசைன்மென்ட். தேர்வு விடைத்தாளுக்கு வெளியே, மாணவர் தம் சொந்த வாக்கியங்களில் எழுத இளநிலைப் பட்டப்படிப்பில் கிடைக்கும் முதன்மையான வாய்ப்பு இதுவே. ஆனால் பல வகுப்புகளில் பக்க எண்ணிக்கை, கையெழுத்து, முகப்புத்தாள், கெடுநாள் ஆகியவற்றுக்கே மதிப்பெண் கிடைக்கிறது. எங்கிருந்து எடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க ஓர் ஒழுங்குமுறையை வெளியிட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை இருந்தால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மீண்டும் அளிக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. கல்வி நேர்மையின் அடிப்படைகளை இளநிலை வகுப்பிலிருந்தே கட்டாயப் பாடமாக வைக்கவும் அது சொல்கிறது. அதே ஆவணத்தின் வரையறைப் பகுதியோ ஒப்படைப்பு, கட்டுரை, திட்ட அறிக்கை, விடைத்தாள் ஆகியவற்றை விலக்கிவிடுகிறது. நேர்மையைப் படிக்கும் வயதில் மாணவர் எழுதுவது விதிக்குள் வராது. ஆய்வேடு எழுதும்போது திடீரென்று விழுக்காடு வந்து நிற்கும். இந்த முரண் சிறியதல்ல.

இளநிலை மாணவரையும் தண்டிக்க வேண்டும் என்பது இதற்குப் பொருளல்ல. குறை பெரும்பாலும் கேள்வியில்தான் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். 1956 முதல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியா கல்லூரி இயங்கிவரும் பகுதி இது. இங்கே எந்தக் கல்லூரியிலும் ‘முல்லைப் பெரியாறு அணையின் வரலாறு’ என்று தலைப்புக் கொடுத்தால், 1895, பென்னிகுவிக், அவர் விற்ற சொத்து என்று ஒரே கட்டுரை ஐம்பது கையெழுத்தில் வந்து சேரும். அணை நீரால் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். அந்த நீர் உன் ஊர் வயலுக்கு எந்த வாய்க்கால் வழியாக, யார் முறைப்படி வருகிறது என்று கேட்டால் பார்த்து எழுத நூல் கிடைக்காது. தாத்தாவிடமோ நீர் பாய்ச்சுபவரிடமோ போய்க் கேட்டுத்தான் எழுத வேண்டும். அவர் பெயரையும் கேட்ட நாளையும் கட்டுரையின் அடியில் குறிக்கச் சொன்னால், சான்று காட்டுவது என்ன என்பது அப்போதே புரிந்துவிடும். திராட்சைத் தோட்டக் கூலி, அதிகாலை ஜீப்பில் ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் என்று இப்படிக் கேட்க இங்கே பொருளுக்குப் பஞ்சமில்லை.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் ஒப்புமை விழுக்காடும் பெரிதாக உதவாது. இயந்திரம் தரும் வாக்கியம் எந்த நூலிலும் அப்படியே இருப்பதில்லை. ஐம்பது அறுபது தாள்களைத் திருத்தும் ஆசிரியருக்கு நேரமில்லை என்பது உண்மையே. ஆனால் பருவத்துக்கு மூன்று ஒப்படைப்பு வாங்குவதற்குப் பதில் ஒன்றே வாங்கி, முதல் வரைவைப் படித்துத் திருப்பித் தந்து, திருத்திய வடிவத்துக்கு மதிப்பெண் இட அந்த நேரம் போதும்.