வருவோரும் வாழ்வோரும்: ஆனைமலை மழைக்காட்டுப் புனைவுகள் இரண்டில் விருந்தினர் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மழைக்காட்டைக் காணச் செல்வோர் இயற்கை, பண்பாடு, உணவு ஆகிய மூன்றையும் தனித்தனி நுகர்பொருள்களாகக் காணும் போக்கு இன்று வலுப்பெற்றுள்ளது. ஆனைமலையைக் களமாகக் கொண்ட ‘எரியும் பனிக்காடு’ புதினத்தையும் ‘யானை டாக்டர்’ கதையையும் மலைபடுகடாம் காட்டும் விருந்துமுறையோடு ஒப்பிட்டு, அப்போக்கை அவை திருத்தும் இடங்களையும் அவற்றின் எல்லைகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஆனைமலை, வால்பாறை, மழைக்காடு, ஆற்றுப்படை, காடர், சுற்றுலா

முன்னுரை

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறையை அடையும் பயணி அங்கு மிகுதியாகக் காண்பது காட்டை அன்று, தேயிலைத் தோட்டங்களையே. பயண எழுத்துகள் இவற்றைப் பச்சைக் கம்பளம் என வருணிப்பது வழக்கமாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மழைக்காட்டை அழித்து உருவாக்கப்பட்ட நிலம் இது. எஞ்சிய காடு தோட்டங்களுக்கு இடையே துண்டு துண்டாக நிற்கிறது. இருவாச்சியும் சோலைமந்தியும் அத்துண்டுகளையும் நம்பியே வாழ்கின்றன. அழிவின் விளைவையே இயற்கை எனக் கண்டு மகிழும் இம்முரணைத் தமிழ்ப் புனைவு எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இங்கு எழும் வினா.

விருந்தின் பழைய இலக்கணம்

மலைநிலத்திற்கு வருவோர்க்கு வழிகாட்டும் எழுத்து தமிழுக்குப் புதிதன்று. 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம், பரிசில் பெற்று மீளும் கூத்தன் எதிர்ப்படும் கூத்தனை நன்னனிடம் ஆற்றுப்படுத்தும் நூல். அதன் களமான செங்கம் பகுதி மழைக்காட்டு நிலம் அன்று. ஆதலின் அந்நூல் இங்கு நிலச்சான்றாகவன்றி நோக்குச்சான்றாகவே கொள்ளப்படுகிறது. அந்நோக்கில் இரு கூறுகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, வழி சொல்பவன் அழகை மட்டும் சொல்வதில்லை. பன்றிப்பொறியையும் வழுக்கும் பாறையையும் தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லையும் சேர்த்தே சொல்கிறான். மலை வருவோனுக்காக அமைந்ததன்று, அங்கு முன்னரே ஒரு வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது என்னும் அறிவு அதில் அடங்கியுள்ளது. இரண்டாவது, உணவு அங்கு விலைப்பொருள் அன்று. மலைவாழ்நர் தம் குடிலில் தம் கையால் அளிப்பது அது. இவ்விருந்து இறுதியில் மன்னன் புகழுக்கே அணி சேர்க்கிறது என்பதும் மறுக்கத்தக்கதன்று. எனினும் விருந்தளிப்போர் இல்லாத மலை அந்நூலில் இல்லை.

தேநீரும் காடும்

வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். 1920களில் முன்பணம் பெற்று, நெல்லைச் சீமையிலிருந்து ஆனைமலைக்கு அழைத்துவரப்படும் கருப்பனும் வள்ளியுமே இதன் முதன்மை மாந்தர். அவர்களும் மலைக்குப் புதிதாக வந்தவர்களே. ஆனால் திரும்பிச் செல்லும் உரிமை இழந்த வருகையாளர்கள். சுற்றுலாப் பயணிக்குச் சிறு சாகசமாகத் தோன்றும் அட்டைக்கடி, இங்குக் காய்ச்சலோடும் மழையோடும் குளிரோடும் சேர்ந்து உடலை அன்றாடம் உருக்கும் துன்பமாகிறது. வருணனைக்குரிய நிலம் உழைப்புக்குரிய நிலமாகவும், பலருக்குப் புதைநிலமாகவும் மாறுவதே இப்புதினத்தின் வலிமை.

தலைப்பு மாற்றமும் கருதத்தக்கது. மூலத்தின் தலைப்பு கோப்பையில் உள்ள பொருளைச் சுட்டித் தொலைவிலிருந்து தேநீர் அருந்தும் வாசகரை விளிக்கிறது. தமிழ்த் தலைப்போ நிலத்தைச் சுட்டி, அந்நிலத்திற்கே செல்லக்கூடிய வாசகரை விளிக்கிறது. பண்டத்திலிருந்து காட்டிற்கு நகரும் இப்பெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளர் செய்த திறனாய்வு எனவே கொள்ளத்தகும். ஆயினும் புதினத்தினுள் காடு பெரும்பாலும் அச்சத்தின் உருவாகவே நிற்கிறது. தொழிலாளரின் துயரை முதன்மைப்படுத்தும் படைப்பில் இது இயல்பே. ஆனால் காடும் அதே சுரண்டலால் அழிந்தது என்னும் உறவு போதிய அளவு விரியவில்லை.

புட்டியும் புழுவும்

ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பில் உள்ள ‘யானை டாக்டர்’, வனக்கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்வைத் தழுவியது. இக்கதை சுற்றுலாப் பயணியை நேரடியாகவே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. மது அருந்த வருவோர் உடைத்தெறியும் புட்டி யானையின் காலில் பாய்ந்து அதன் உயிருக்கே உலை வைக்கிறது. யானையின் உடல் எடையே காயத்தை ஆழமாக்கும் கருவியாவதைக் கதை துல்லியமாக உணர்த்துகிறது. புழுவைக் கண்டு அருவருக்கும் கதைசொல்லி அதனையும் உயிராகக் காணக் கற்பது கதையின் உயர்ந்த இடம். காட்டை அழகு, அருவருப்பு எனப் பிரித்துக் காணும் பயணியின் கண்ணே அங்குத் திருத்தப்படுகிறது.

கதையின் எல்லையும் இதனோடு பிணைந்ததே. தீமை தனிமனிதரின் ஒழுக்கக் கேடாகவும் நன்மை ஒரு மாமனிதரின் அருளாகவும் சுருங்கிவிடுகின்றன. கதைக்களமான டாப்சிலிப்பின் பெயரே, வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சரித்துவிட்ட காலனிய மரத்தொழிலிலிருந்து பிறந்தது. முகாம் யானைகளும் அம்மரங்களை இழுக்கவே பழக்கப்பட்டன. புட்டிக்கு முன்பே காட்டில் பாய்ந்த கோடரியைப் பற்றிய வரலாற்றுணர்வு கதையில் மங்கியே தோன்றுகிறது.

விடுபட்ட விருந்தளிப்போர்

இரு படைப்புகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் பொதுவான இடைவெளி ஒன்று புலப்படும். ஒன்றில் மையமாக நிற்பவர் காட்டிற்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர். மற்றதில் காட்டிற்குப் பணியாற்ற வந்த அலுவலர். ஆனைமலையின் தொல்குடிகளான காடர் இரண்டிலும் மையத்தில் இல்லை. கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் வாழ்ந்த அவர்கள் மூங்கிலில் நுண்ணிய சீப்புகள் செய்தவர்கள். ஏரன்பெல்சு 1952இல் வெளியிட்ட இனவரைவியல் நூல் கொச்சிப் பகுதிக் காடரின் வாழ்வை விரிவாகப் பதிவு செய்துள்ளது. அவர்களுக்குக் காட்டின் கிழங்கு உணவும் ஆகும். அதனை அறியும் அறிவு பண்பாடும் ஆகும். பயணி மூன்றாகப் பிரிப்பது அங்கு ஒன்றாகவே உள்ளது. மலைபடுகடாத்தில் முன்னிற்கும் விருந்தளிப்போர் நவீனப் புனைவில் பின்னுக்குச் சென்றதும், சுற்றுலா எழுத்தில் காட்சிப்பொருளாக எஞ்சியதும் ஒரே இழப்பின் இரு முகங்கள்.

முடிவுரை

தேயிலைச் சரிவின் அழகுக்குப் பின்னுள்ள உழைப்பையும் இறப்பையும் ‘எரியும் பனிக்காடு’ வெளிப்படுத்துகிறது. வருவோரின் பொறுப்பை ‘யானை டாக்டர்’ உணர்த்துகிறது. இவை தமிழ்ச் சூழலியல் வாசிப்பிற்குக் கிடைத்த பெரும்பேறுகள். எனினும் தொழிலாளரின் வரலாறும் யானையின் வரலாறும் காடரின் வரலாறும் தனித்தனியே வாசிக்கப்படும்வரை, காட்டைத் துண்டாக்கிய நோக்கையே திறனாய்வும் பின்பற்றுவதாகும். இம்மூன்றையும் ஒரே நிலத்தின் கதையாக இணைத்து வாசிப்பதே ஆனைமலை இலக்கியத்தை அணுகும் ஆய்வாளர்முன் உள்ள பணி.