முகிலேறும் மாணவர் பதிவேடு

பேசாலையிலோ தலைமன்னாரிலோ உயர்தரம் சித்தியெய்தி, மாவட்ட ஒதுக்கீட்டின் அனுகூலத்தால் யாழ்ப்பாணத்திலோ, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாவிலோ இடம்பெறும் மாணவிக்கு, பல்கலைக்கழக நிர்வாகம் என்பது பெரும்பாலும் கைபேசியில் திறக்கின்ற, அல்லது திறக்க மறுக்கின்ற, ஒரு பக்கந்தான். பாடப்பதிவின் கடைசி நாளன்று எல்லோரும் ஒருங்கே நுழைய, குளிரூட்டி நின்றுபோன மூலையறையில் சேவையகம் சூடேறித் தடுமாறுமாயின், மறுநாட் காலை பாலங் கடந்து, மடுச் சந்தி வழியே பஸ் ஏறுவதைத் தவிர அவளுக்கு வேறு மார்க்கமில்லை.

ஆகவே, மாணவர் முகாமைத்துவ முறைமையை முகில் கணிமைக்கு மாற்றி, அதன் பராமரிப்பையும் வெளியார் பொறுப்பில் விடுவோம் என்போரின் வாதம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. நெரிசல் நாளில் கொள்ளளவைப் பெருக்கி மறுநாள் சுருக்கலாம். நள்ளிரவில் விழித்திருக்கவும் பாதுகாப்புத் திருத்தங்களை உரிய காலத்தில் இடவும் ஆளுண்டு. தேர்ந்த பொறியியலாளர் கடல்கடந்து போய்க்கொண்டிருக்கும் நாட்டில் இது சொற்ப சௌகரியமன்று. 2022 மார்ச்சில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, வளாகத்துச் சேவையகத்தின் ஆயுள் ஜெனரேட்டரின் டீசலோடு முடிந்தது. (கைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் கூடவே தீர்ந்துவிடுமென்பதை முகிலின் விசுவாசிகள் ஏனோ பிரஸ்தாபிப்பதில்லை.)

ஆனால் அதே 2022இல், டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐ எட்டியது. ஒருமுறை வாங்கிய இயந்திரம் விலையேற்றத்தை அறியாது. டொலரில் கணக்கிடப்படும் மாத வாடகையோ, திறைசேரி ரூபாயில் தரும் ஒதுக்கீட்டைப் பார்த்து இரங்காது.

இதனினும் பாரதூரமானது காப்பு நகல் பற்றிய விஷயம். 2023 ஆகஸ்டில் லங்கா அரச முகில் மீது கப்பம் கோரும் மென்பொருள் பாய்ந்தபோது, ஏறத்தாழ 5000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பிலிருந்த காப்பு நகல்களும் கூடவே பூட்டப்பட்டு, இணைப்புக்கு வெளியே வேறு நகல் இல்லாமையால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. காலாவதியான மென்பொருளைத் தொடர்ந்து ஓட்டியதும், நகலைத் தனியே பிரித்து வையாததும் மனித அசிரத்தையே. முகில் அவற்றைத் தானாகப் போக்கிவிடவில்லை. இடப்பெயர்வு தோறும் பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றுத் தாளையும் பொலித்தீன் பைக்குள் சுற்றி மடியிற் கட்டிக்கொண்டு நடந்த மக்களின் பிள்ளைகளுடைய பதிவேடே இங்கு முகிலேறவிருப்பது. ஒரு பருவத்துப் புள்ளிகள் அழிந்தால் பட்டமே தடைப்படும்.

முகில் என்றாலே அந்நிய கம்பனி என்று கொள்ள வேண்டியதுமில்லை. 2020இன் முடக்கக் காலத்தில் விரிவுரைகள் தடையின்றி நடக்கப் பெருந்துணை புரிந்தது, நம் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பே. மாற்றத்தை அதன் தோளில் ஏற்றிப் பார்ப்பது விவேகமென்பது என் அபிப்பிராயம். எங்கு ஏற்றினும், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கில் பொறுப்பாளி பல்கலைக்கழகமே. பதிவாளர் கையொப்பமிடுமுன், நகலொன்று இணைப்பறுத்து வளாகத்திலேயே இருக்குமா, பருவந்தோறும் அதை மீட்டுப் பரீட்சிப்பவர் யார், ஒப்பந்தம் முறிந்தால் தரவு எந்த வடிவில் எத்தனை நாளில் கைக்கு வரும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் விடை பெறட்டும்.