வாழ்த்தும் வழியும்: அறிவியல் மகளிரைப் பற்றிய நம் எழுத்து

பெண் கல்வியைப் போற்றாத தமிழ் மேடை இன்று இல்லை எனலாம். பாரதியார் காலந்தொட்டு நம் கவிஞரும் கட்டுரையாளரும் அப்பணியைச் செவ்வனே ஆற்றி வந்துள்ளனர். அதன் தொடர்ச்சியாக, அறிவியல் துறையில் புகழ்பெற்ற பெண்மணிகளின் வரலாறுகள் சிறு நூல்களாகவும், இதழ்க் கட்டுரைகளாகவும், பள்ளிப் பேச்சுப்போட்டி உரைகளாகவும் நம்மிடையே பெருகியுள்ளன. நம் பெண்பிள்ளைகளை அறிவியலின்பால் ஈர்ப்பதே இவ்வெழுத்துகளின் நோக்கம். நோக்கம் உயர்ந்தது; ஐயமில்லை. ஆயின், அந்நோக்கம் இவற்றால் நிறைவேறுகின்றதா? ஆசிரியர்களாகிய நாம் இவ்வினாவை எழுப்பிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து தோன்றியதன்று. பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். அப்போது பணியாற்றிய பள்ளியில், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியைப் பேச்சுப்போட்டிக்கு ஆயத்தம் செய்தேன். தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளைப் பற்றிய உரையை நானே எழுதிக் கொடுத்தேன். அடுக்குமொழி நிறைந்த உரை அது. மனப்பாடம் செய்து முடித்த அவள், "ஐயா, இந்த அம்மா கரும்பை என்ன செய்தார்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. "அதையெல்லாம் மேல்வகுப்பில் படிப்பாய்" என்று கூறி அனுப்பிவிட்டேன். போட்டியில் அவள் பரிசு பெற்றாள். அந்தக் கேள்வியை மட்டும் அவள் மறுபடி கேட்கவில்லை.

அன்று நான் எழுதிய உரையின் குறையே நம் எழுத்துகள் பலவற்றின் குறை என்பதைப் பின்னர் உணர்ந்தேன். அக்குறை இருவகைப்படும். அறிஞரைப் புகழ்ந்துவிட்டு அவர் செய்த அறிவியலைச் சொல்லாமல் விடுவது ஒன்று. அவருடைய மனவுறுதியைப் பாடிவிட்டு, அவருக்குக் கதவு திறந்த வகையைச் சொல்லாமல் விடுவது மற்றொன்று.

முதற்குறையை ஜானகி அம்மாளின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம். 1897இல் தலச்சேரியில் பிறந்தார், சென்னையில் பயின்றார், 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார், திருமணம் செய்துகொள்ளவில்லை, 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1984இல் மறைந்தார். நான் படித்த கட்டுரைகளுள் பெரும்பாலானவை இவ்வளவையும் தவறாமல் கூறுகின்றன. கோவையிலுள்ள கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தில் பணிபுரிந்தார் என்றும் ஒரு வரி வரும். அந்த ஒரு வரியே வரலாற்றின் உயிர்நிலை. அதை விரிக்காமல் அடுத்த விருதுக்குத் தாவிவிடுகின்றோம்.

விரித்தால் என்ன கிடைக்கும்? உயர்வகைக் கரும்பு பருத்தது, இனிப்பு மிக்கது. ஆனால் நோய்க்கும் குளிருக்கும் எளிதில் இரையாவது. நாணல் இனத்தைச் சேர்ந்த காட்டுக் கரும்போ மெலிந்தது, இனிப்புக் குறைந்தது. ஆனால் வன்மை மிக்கது. இவ்விரண்டையும் கலந்து, இனிப்பும் வன்மையும் ஒருங்கே கொண்ட கரும்பை உருவாக்குவதே 1912இல் தோன்றிய அந்நிறுவனத்தின் பெருமுயற்சி. கரும்பைக் கரணை வெட்டி நட்டால் தாயைப் போன்ற பயிரே முளைக்கும். புதுவகை வேண்டுமாயின் பூவிலிருந்து விதை பெறவேண்டும். அவ்வாறு முளைத்த கன்று உண்மையிலேயே இரு இனத்தின் கலப்புத்தானா என்று அறிவது எப்படி? அதன் வேர்நுனியைச் சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்து, உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கலாம். பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைக்குக் கொண்டு சேர்க்கும் இழைகள் அவை. உயர்வகைக் கரும்பில் அவை 80. காட்டுக் கரும்பிலோ இடத்திற்கு இடம் மாறுபட்டு 40 முதல் 128 வரை காணப்படும். 1934 முதல் 1939 வரை கோவையில் ஜானகி அம்மாள் ஆற்றிய பணி இத்தகையது. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பெற்ற பயிரைப் பற்றி 1938இல் உலகறிந்த அறிவியல் இதழில் எழுதினார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் பெருநூலாக வெளியிட்டார்.

இவற்றுள் பத்து வயதுச் சிறுமிக்கு விளங்காதது எது? இரு செடிகளைக் கலப்பதும், உண்மையை எண்ணிக் காண்பதும் அவள் அறிவுக்கு எட்டாதவை அல்ல. மேலும், இக்கட்டுரையை நான் எழுதும் பைராம் தோட்டம், பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில் நிபோங் திபாலுக்கு அருகில் உள்ளது. இன்று இவ்வட்டாரத்தில் எண்ணெய்ப்பனையே கண்ணுக்குப் படுகின்றது. அதற்கு முன் ரப்பர். அதற்கும் முன், 19ஆம் நூற்றாண்டில், இவ்வட்டாரம் கரும்புக்காடாய் இருந்தது. அக்கரும்பை நடவும் வெட்டவுமே நம் முன்னோர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தனர். அவர்களின் வழித்தோன்றலாகிய ஒரு சிறுமி, கரும்பின் உள்ளணுவை ஆராய்ந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்கும்போது, அவளுக்கு நாம் விருதுப் பட்டியலையா கையில் கொடுப்பது?

அறிவியலைச் சொல்லாமல் புகழை மட்டும் சொல்வதால் பிழைகளும் புகுந்துவிடுகின்றன. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் இந்தியா விண்ணில் செலுத்திய ஆதித்யா எல்-1 கலத்தின் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி. தமிழர் அனைவரும் மகிழத்தக்க செய்தி இது. ஆனால் மாணவர் கட்டுரைகளில் அக்கலம் சூரியனுக்கே சென்றதாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டுள்ளேன். அது சென்றடைந்த இடம் பூமியிலிருந்து ஏறக்குறைய 15 இலட்சம் கிலோமீட்டர். சூரியனுக்குள்ள தொலைவில் நூற்றில் ஒரு பங்கு. அங்கே நின்று, மறைப்பேதுமின்றிச் சூரியனை இடைவிடாது நோக்குவதே அதன் வேலை. இடத்தை இவ்வாறு தேர்ந்தெடுத்த மதிநுட்பத்தைச் சொல்லாமல், சூரியனை வென்ற மங்கை என்று பாடினால், பாடப்பட்டவருக்கும் அது பெருமையாகாது.

இனி இரண்டாம் குறைக்கு வருவோம். கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்ற முதற்பெண்களுள் ஒருவரான அ. லலிதாவின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1919இல் சென்னையில் பிறந்தவர். பதினைந்து வயதில் மணம். பதினெட்டு வயதில், கையில் பெண்குழந்தையுடன் கைம்மை. அந்நிலையிலிருந்து எழுந்து மின்பொறியாளரானார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின் அமைப்புப் பணிகளிலும் பங்கேற்றார். 1964இல் நியூயார்க்கில் நடைபெற்ற முதல் உலகப் பெண் பொறியாளர் அறிவியலாளர் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

இதனை எழுதுவோர், இரும்பு நெஞ்சம் படைத்த பெண் என்று கூறி நிறுத்திக்கொள்கின்றனர். அவருடைய உறுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் உறுதி மட்டுமே கல்லூரிக் கதவைத் திறந்துவிடவில்லை. அவர் தந்தையார் அதே கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். மகளுக்காகத் தாமே முன்வந்து பேசினார். கல்லூரி முதல்வரும் கல்வித்துறை இயக்குநரும் இசைவளித்தனர். குழந்தையை உறவினர் பார்த்துக்கொண்டனர். லீலம்மா, திரேசியா என்னும் வேறிரு பெண்களும் கட்டடப் பொறியியல் பிரிவில் சேர்ந்தமையால், ஆடவர் நிறைந்த கல்லூரியில் அவர் தனித்து நிற்க நேரவில்லை. அவர்களுள் திரேசியா 1971இல் கேரள மாநிலத்தின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். அவர்கள் பட்டம் பெற்றபோது சான்றிதழில் ஆடவரைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்தது. அதனை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

அந்தக் கையெழுத்துத் திருத்தம் பல பக்கப் புகழுரைக்கு ஈடானது. ஒரு பெண் முன்னேற வேண்டுமாயின், அவள் துணிவதோடு, யாரோ ஒருவர் எழுதுகோலை எடுத்து அச்சடித்த தாளைத் திருத்தவும் வேண்டும். லலிதாவின் உறுதியை மட்டும் பாடும் கட்டுரை, படிக்கும் சிறுமியிடம், "நீயும் இரும்பாக இரு" என்று கூறுகின்றது. கதவு திறந்த வகையைச் சொல்லும் கட்டுரையோ, அவளுடைய தந்தையிடமும் ஆசிரியரிடமும், "நீர் என்ன செய்யப் போகின்றீர்?" என்று கேட்கின்றது. நம் எழுத்து இரண்டாம் வினாவைத் தவிர்ப்பதற்குக் காரணம், அது நம்மை நோக்கி வருவதுதானோ என்று ஐயுறுகின்றேன்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பெயரே அறியாத பிள்ளைகளுக்கு முதலில் பெயரையும் புகழையும் அறிமுகப்படுத்துவது தவறா? நுட்பங்களைத் திணித்தால் சலிப்படைய மாட்டார்களா? நியாயமான மறுப்பே. வாழ்த்து வேண்டாம் என்று நான் கூறவில்லை. வாழ்த்தோடு நின்றுவிடலாகாது என்பதே என் கருத்து. சலிப்பைப் பொறுத்தவரை, என் பட்டறிவு வேறுவிதமாக உள்ளது. ஆண்டுகள் பல கடந்தபின், அதே ஜானகி அம்மாளைப் பற்றி வேறொரு வகுப்பில் பேச நேர்ந்தது. இம்முறை ஒரு கரும்புத் துண்டைக் கொண்டு சென்று, கணுவைக் காட்டி, இதை நட்டால் என்ன முளைக்கும் என்று தொடங்கினேன். "கரும்புக்கு விதை உண்டா, ஐயா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். அந்தப் பாடவேளை முடியும்வரை கேள்விகள் ஓயவில்லை. விருதுகளைப் பற்றி அன்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே, ஆசிரியர்களுக்கும் எழுதப் பழகும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவியல் மகளிரைப் பற்றிய ஒரு கட்டுரையை எழுதி முடித்ததும், அதிலுள்ள அடைமொழிகளை நீக்கிவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். அவர் எதைக் கண்டறிய விரும்பினார், எப்படிக் கண்டறிந்தார், அவருக்கு யார் வழிவிட்டார் என்பவை எஞ்சி நிற்குமாயின், அது நல்ல கட்டுரை. ஒன்றும் எஞ்சாதாயின், அன்று நான் எழுதிக் கொடுத்த உரைக்கு அது உடன்பிறப்பு.

அன்று கேள்வி கேட்ட அம்மாணவி இன்று எங்கிருக்கின்றாளோ, நான் அறியேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையை முப்பது ஆண்டுகள் கழித்து இக்கட்டுரையில் எழுதியுள்ளேன். இன்று உங்கள் வகுப்பில் அதே கேள்வியை எழுப்பும் பெண்ணை அவ்வளவு காலம் காத்திருக்கச் செய்யாதீர்கள்.