விழுந்த பசுவும் கோயில் எடுத்த கொற்றியும்

பசுமலையில் வளர்ந்தவர்களுக்கு அந்த மலையின் கதை தெரியாமல் இருக்காது. எனக்குச் சொன்னது அப்பத்தா. "சமணரு ஏவிவிட்ட மாயப்பசு. மதுரையை அழிக்க வந்துச்சு. சாமி நந்தியை அனுப்பி வச்சாரு. பசு செத்து மலையாச்சு. அம்புட்டுத்தேன்." எப்படிச் செத்தது என்று நான் கேட்டதில்லை. நந்தி முட்டிச் செத்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மாடுகள் முட்டிக்கொள்வதைத் தெருவில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்?

பல ஆண்டுகள் கழித்து, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தை வரிசையாகப் படித்தபோதுதான் அப்பத்தா விட்டுச்சொன்ன பகுதி எனக்குத் தெரியவந்தது.

அறுபத்து நான்கு படலங்களில் 29ஆவது, மாயப்பசுவை வதைத்த படலம். அதற்கு முன் 22ஆவதில் யானை வருகிறது, 28ஆவதில் நாகம் வருகிறது. மூன்று கதைகளும் ஒரே அச்சில் வார்த்தவை. சமணர்கள் வேள்வி வளர்க்கிறார்கள், தீயிலிருந்து ஒரு மாய உருவம் எழுகிறது, மதுரையை நோக்கி வருகிறது, இறந்து மலையாகிறது. யானைமலை, நாகமலை, பசுமலை என்று நம் ஊரைச் சுற்றி நிற்கும் மலைகளுக்கெல்லாம் இப்படி ஒரு பிணக்கதை உண்டு. யானையைச் சோமசுந்தரர் வேடுவனாக வந்து அம்பெய்து கொல்கிறார். நாகத்தின் மேல் பாண்டியன் அம்பு விடுகிறான். பசு வரும்போது மட்டும் அம்பு நின்றுவிடுகிறது. பசுவைக் கொல்வது பாவம். ஆகவே நந்தி அனுப்பப்படுகிறார். இரண்டும் மோதுகின்றன. பிறகு நந்தி தன் அழகைக் காட்டுகிறார். பசு மோகிக்கிறது, வலுவிழக்கிறது, மயங்கி விழுந்து உயிரை விடுகிறது. படலத்தின் பெயரில் வதை இருக்கிறது. வதைத்த கை என்று எதையும் காட்ட முடியாது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் அதைத் தோற்றுப்போன எதிரியாகத்தான் பார்த்திருந்தேன். ஆசைப்பட்டதற்காகச் செத்த ஒருத்தியாக அதைப் பார்த்தது அன்றுதான்.

இது சைவ–சமண மோதலைச் சொல்லும் உருவகம், இதில் பெண்ணை எங்கே தேடுகிறாய் என்று கேட்கலாம். மோதலின் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மோதலைச் சொல்லப் புராணம் எந்த உடலை எடுத்துக்கொள்கிறது என்பதே என் கேள்வி. மூன்றுமே வேள்வித் தீயிலிருந்து எழுந்த அசுர சக்திகள். யானையாக வந்ததற்கும் பாம்பாக வந்ததற்கும் போர்க்களச் சாவு கிடைத்தது. பசுவாக வந்ததற்கு மட்டும் அதன் உடம்பே எமனாகிவிட்டது. அசுரனே ஆனாலும், பெண்ணுருவம் எடுத்துவிட்டால் அவனுக்கும் பெண்ணுக்கான சாவுதான் என்கிறது கதை.

இன்னொன்றும் இருக்கிறது. பசுவைக் கொல்லக் கூடாது என்ற அறம் இங்கே பசுவைக் காப்பாற்றவில்லை. கொல்கிறவர்களின் கைகளைத்தான் காப்பாற்றுகிறது. பசு சாகவும் வேண்டும், பாவம் யாரையும் தொடவும் கூடாது. இரண்டும் ஒரு சேர நடக்க வேண்டுமென்றால் அது தன் குணத்தாலேயே செத்ததாகச் சொல்லிவிட வேண்டியதுதான். இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதல்ல. "அவளாத் தேடிக்கிட்டது" என்று இழவு வீட்டு வாசலில் நின்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறோம். "வயிற்றுவலி தாங்காமல் தற்கொலை" என்று செய்தித்தாள் மூலையில் நாலு வரியில் முடிந்துபோகும் பெண்களைப் படித்திருக்கிறோம். சாதி மாறிக் காதலித்தவளைக் கொன்றுவிட்டு, அவள் காதலைக் குற்றவாளியாக்கும் ஊர்களில்தான் வாழ்கிறோம். புராணம்தான் இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. இந்தப் பேச்சுக்கு நம்மிடம் எவ்வளவு பழைய பழக்கம் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லும் மலைக்கதைக்குள்ளேயே அது இருக்கிறது.

அந்தப் புராணத்தின் மிகப் பெரிய பெண் தடாதகை. மூன்று முலைகளோடு வேள்வித் தீயில் பிறந்தவள், முடிசூடியவள், எண்திசையும் வென்றவள். கயிலையில் சிவனைக் கண்டதும் மூன்றாம் முலை மறைகிறது, வீரம் நாணமாகிறது. இதைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. பசுவின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று கூடுதலாகத் தெரிகிறது. பசுவும் தடாதகையும் போர்க்கோலத்தில் வந்தவர்கள். இருவரையும் நிறுத்தியது ஓர் ஆணின் அழகு. எதிரிக்கு அது சாவு, தன்னவளுக்கு அது கல்யாணம். ஆயுதம் ஒன்றுதான்.

ஆனாலும் மதுரைச் சனங்கள் தடாதகையை முழுவதுமாக விட்டுக்கொடுக்கவில்லை. சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது. ஆவணியில் சுந்தரேசுவரருக்கு முடிசூட்டும் வரை நான்கு மாதம் அவள் ஆட்சி. திருக்கல்யாணத்துக்கு முன்பே அவள் கைக்குச் செங்கோல் வந்துவிடுகிறது. அம்மன் சார்பில் அதைப் பெற்றுக்கொள்ளும் மனிதக் கை எது என்பதில்தான் சிக்கல் முளைக்கிறது. 2024 சித்திரைத் திருவிழாவின்போது, அறங்காவலர் குழுத் தலைவர் ருக்மணி பழனிவேல்ராஜன் கணவரை இழந்தவர் என்பதால் அவரிடம் செங்கோல் தரக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு மனு வந்தது. மனு தள்ளுபடியானது. தள்ளுபடியானதில் மகிழ்ச்சிதான். அரசியின் ஊரில், அரசியின் செங்கோலைத் தொடும் தகுதி ஒரு பெண்ணுக்கு அவள் கணவன் உயிரோடு இருப்பதில் இருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்றியது, அதை எழுதி நீதிமன்றத்துக்கு எடுத்துப்போகும் துணிவும் இருந்தது என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

பசுமலையிலிருந்து திருப்பரங்குன்றம் நடந்துபோகும் தூரம்தான். சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன். அங்கும் கதை நமக்குப் பழக்கமானதே. சூரனை வென்ற முருகனுக்கு இந்திரன் தன் மகள் தெய்வானையைக் கொடுக்கிறான். போரில் வென்றவனுக்குப் பரிசாகப் பெண். பங்குனியில் அந்தத் திருமணம் நடக்கும்போது மதுரையிலிருந்து மீனாட்சியும் சொக்கரும் மாப்பிள்ளையின் தாய் தகப்பனாக வருகிறார்கள். திசையெல்லாம் வென்றவள் இங்கே மாமியார்.

இப்போது பரங்குன்றம் என்றாலே மலை யாருடையது என்ற பேச்சாகத்தான் இருக்கிறது. மலையில் சமணர் படுக்கைகள் உண்டு, தர்கா உண்டு, முருகன் உண்டு. உரிமை கொண்டாடி மேடையேறுகிறவர்களில் பெரும்பாலும் ஆண்கள். அந்தச் சத்தத்தில் யாரும் சொல்லாத ஒரு பெண் பெயர் அந்தக் கோயிலின் பாறையில் இருக்கிறது.

கோயிலின் கருவறைகள் மலையைக் குடைந்து செய்தவை. வடக்கு நோக்கிய சந்நிதிகளில் நடுவில் இருப்பவள் துர்க்கை. முருகனும் பிள்ளையாரும் அவளுக்கு இரு பக்கங்களில் இருக்கிறார்கள். கூட்டம் முருகன் முன்னால் நெருக்கும். நடுவில் யார் என்று பார்ப்பவர் குறைவு. இந்தக் குடைவரையின் கல்வெட்டு கலியாண்டு 3874ஐக் குறிக்கிறது. அது கி.பி. 773, பாண்டியன் நெடுஞ்சடையன் காலம். அரசனின் மாசாமந்தன் சாத்தன் கணபதி கோயிலையும் குளத்தையும் திருத்தினான் என்று சொல்லும் கல்வெட்டு, அதோடு நின்றுவிடவில்லை. அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கு ஒரு கோயிலும் சேட்டைக்கு ஒரு கோயிலும் செய்வித்தாள் என்றும் பதிந்திருக்கிறது.

இதை முதலில் படித்தபோது நான் திரும்பத் திரும்ப வாசித்தது சேட்டை என்ற சொல்லை. சேட்டை என்றால் ஜேஷ்டை, மூத்தவள். தவ்வை என்பதும் அவளே. மூத்த தேவிதான் மூதேவி ஆனாள். பெரிய வயிறும் கனத்த முலைகளுமாகக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு பக்கம் மாட்டுத் தலையோடு மகன், மறுபக்கம் மகள். காக்கைக் கொடியும் துடைப்பமும் அவளுக்குரியவை. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவள் உண்டு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் ஊர்களில் வரி நீங்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது பிடாரி கோயிலோடு சேட்டையார் கோயிலையும் சொல்கின்றன. தொண்டரடிப்பொடியாழ்வார், சேட்டையிடம் போய்ச் செல்வம் கேட்கிறவர்களைத் திருமாலையில் ஏளனம் செய்கிறார். ஏளனத்தைத் தள்ளிவிட்டு அதில் இருக்கும் செய்தியைப் பார்க்க வேண்டும். மக்கள் அவளிடம் போய்ச் செல்வம் கேட்டிருக்கிறார்கள்! வறுமையின் தெய்வம் என்று பின்னால் முத்திரை குத்தப்பட்டவளிடம்.

இன்று அவளுக்கு ஊரில் கோயில் இல்லை, வீட்டில் இடம் உண்டு. விடிந்தும் எழாத மகளை எழுப்பும் சொல் அவள் பெயர்தான். வாசல் தெளிக்காதவள், விளக்கு வைத்த நேரத்தில் தூங்குகிறவள், தலையை விரித்துப்போட்டு நடப்பவள் எல்லாரும் மூதேவி. அப்பத்தா என்னை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது அப்படிக் கூப்பிட்டிருப்பாள். ஸ்ரீதேவியாக இருப்பதற்கு ஒரு பெண் இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்ய வேண்டும். மூதேவியாவதற்குக் கொஞ்சம் ஓய்வெடுத்தால் போதும்.

நக்கன் கொற்றியை நான் பெண்ணியவாதியாக்க வரவில்லை. அவள் ஒரு படைத்தலைவனின் மனைவி. அவள் செலவிட்ட பொன்னுக்குப் பின்னால் வயலில் குனிந்த பெண்கள் இருந்திருப்பார்கள், அவர்கள் பெயர் எந்தப் பாறையிலும் இல்லை. கல்வெட்டும் அவளைக் கணவனுக்குப் பின்தான், இன்னாருடைய மனைவி என்றுதான் சொல்கிறது. ஆனாலும் அவள் ஏதோ ஒன்றைச் செய்தவளாக அங்கே இருக்கிறாள். தலபுராணத்தில் பெண்கள் மோகிக்கிறார்கள், நாணுகிறார்கள், கொடுக்கப்படுகிறார்கள். கல்வெட்டில் ஒருத்தி கோயில் எடுக்கிறாள். அதிலும், பின்னால் வசைச்சொல்லாகப்போகிற ஒருத்திக்கு எடுக்கிறாள். ஒரே மலையைப் பற்றிய இரண்டு நினைவுகள் இவை. ஒன்றை வீதியுலா வைத்து ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். மற்றது பாறையில் கிடக்கிறது.

கோயிலுக்குப் போகாதே என்று நான் எந்தப் பெண்ணுக்கும் சொல்வதில்லை. எனக்கே பரங்குன்றத்துக் குடைவரையின் குளிர்ச்சி பிடிக்கும், பங்குனிக் கூட்டமும் பிடிக்கும். கதையைக் கேட்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்: இதில் செத்தது யார், கொன்ற கை எங்கே போனது? கல்லைப் பார்க்கும்போது இன்னொன்று: இதைச் செய்தவள் யார், அவள் பெயரை எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?

போன பங்குனியில் தங்கை மகளை அழைத்துப்போனேன். கோயில் வாசலில் வாங்கிய தலவரலாற்றுப் புத்தகம் ஒன்றில் இந்திரன் இருந்தான், சூரன் இருந்தான், கொற்றி இல்லை. பின்னட்டையின் வெற்றிடத்தில் அவள் பெயரையும் 773 என்பதையும் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வரும் வழியில் பசுமலையைக் காட்டி அதன் கதையையும் சொன்னேன், அப்பத்தா விட்டதை விடாமல். அவள் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்: "பெரியம்மா, அப்ப நந்திக்கு அந்தப் பசுவைப் பிடிக்கவே இல்லையா?"

எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. புராணத்துக்கும் தோன்றவில்லை.