இரண்டே உருகிகள்

பழைய கார்களின் கண்காட்சிக்குச் சென்றிருக்கிறீர்களா? வண்ணப்பூச்சையும் குரோமியப் பளபளப்பையும் வியந்து பார்ப்பார்கள். மின்கம்பிகள்கூடத் தொழிற்சாலையில் பூட்டியபடியே இருந்தால் அதற்கும் ஒரு பாராட்டு உண்டு. இந்தக் கடைசிப் பாராட்டு தகுமா என்பதே நம் கேள்வி. பிரிட்டனின் மாரிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948-இல் வெளிவந்தது. 16 லட்சத்துக்கு மேல் விற்றது. இந்தியாவில் 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் ஓடியதும் இதுவே. சாலையைப் பற்றிக்கொண்டு வளைவுகளில் திரும்பும் அதன் திறமையில் குறை காண முடியாது. குறை மின்னமைப்பில்தான்.

அதன் உருகிப் பெட்டியில் இருப்பவை இரண்டே உருகிகள். ஹாரன், துடைப்பான், பிரேக் விளக்கு போன்றவற்றை அவை காக்கின்றன. பாட்டரியிலிருந்து வரும் பழுப்பு நிற முதன்மைக் கம்பிக்கும், முகப்பு விளக்குகளுக்கும் உருகியே கிடையாது! அதாவது, மிகுந்த மின்னோட்டம் பாயும் வழிக்குக் காவல் இல்லை.

"வெறும் 12 வோல்ட்தானே?" என்பீர்கள். தொட்டால் அதிர்ச்சி தராது என்பது மெய்தான். ஆனால் காரின் உடலே மின்னோட்டம் திரும்பும் பாதை என்பதை மறக்கக் கூடாது. இயந்திரத்துக்கும் ஓட்டுநருக்கும் இடையே உள்ள தகட்டுத் துளையில் கம்பியைக் காக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்து உதிர்ந்தால் தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை அறுக்கும். செம்பு தகட்டைத் தொட்டதும் குறுக்குச் சுற்று! மூன்று மீட்டர் நீளம், மூன்று சதுர மில்லிமீட்டர் பருமன் உள்ள செம்புக் கம்பியின் தடை சுமார் 0.017 ஓம். 300 ஆம்பியர் பாய்ந்தால், கம்பியில் மட்டும் எழும் வெப்பம் ஏறக்குறைய 1,500 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் வெப்பம், ஒரு மெல்லிய கம்பிக்குள்! பருத்தியும் ரப்பரும் சேர்ந்த பழைய உறை என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

முகப்பு விளக்குக்கு உருகி வைக்காததற்கு ஒரு நியாயம் சொல்வதுண்டு: இரவில் உருகி போனால் வண்டி இருளில் மூழ்கும். நியாயம்தான். ஆயினும் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி உருகி வைத்தால், ஒன்று போனாலும் மற்றது எரியுமல்லவா?

இன்னொரு தொல்லை. விளக்கின் மின்னோட்டம் முழுவதும் பழைய சுவிட்சின் வழியே செல்கிறது. இரண்டு 60 வாட் விளக்குகளுக்கு 10 ஆம்பியர் தேவை. தேய்ந்த தொடுமுனைகளில் 0.2 ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் அங்கேயே வீணாகும். 20 வாட் வெப்பம் சுவிட்சைச் சுடும். விளக்கின் ஒளியோ ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒரு ரிலே வைத்தால் சுவிட்சில் சிறு மின்னோட்டம் மட்டுமே பாயும்.

மைனரில் பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். அதை எதிர்முனையாக மாற்றிவிட்டால் ஆபத்து நீங்கும் என நம்புவோர் உண்டு. தீக்கு முனை எதுவென்று தெரியாது!

பழுது பார்ப்போர் செய்யும் பிழை இதைவிடப் பெரிது. பழைய லூகாஸ் உருகியில் அச்சிட்டுள்ள 35 ஆம்பியர் என்பது, அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதியே. இன்றைய தட்டை உருகியில் 35 என்றிருந்தால் அது தொடர்ந்து தாங்கும் அளவு. எண் ஒன்றுதானே என்று இதை அதனிடத்தில் செருகினால், உருகி அசையாமல் இருக்கக் கம்பி எரியும். 15 அல்லது 17 ஆம்பியர் போதும். உருகி காக்க வேண்டியது விளக்கை அன்று, கம்பியை.

முதன்மைக் கம்பிக்குப் பாட்டரியின் அருகிலேயே ஓர் உருகி தேவை. ஸ்டார்ட்டருக்குச் செல்லும் தடித்த கம்பியை இதில் சேர்க்கக் கூடாது. அதில் பாயும் மின்னோட்டம் மிகப் பெரிது. அதற்குப் பாட்டரியைத் துண்டிக்கும் கைச் சுவிட்ச் உதவும். இவையெல்லாம் கண்ணில் படாத மூலையில் அடங்கிவிடும். பழமை கெட்டது என்று மதிப்பெண்ணைக் குறைப்பவர்கள், அந்த ரப்பர் வளையத்தை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்கட்டும்.